காவலர், தீயணைப்பாளர் உடற்திறன் தேர்வு: அழைப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்கலாமா?

பண்பொழியில் நமக்குத் தெரிந்த தம்பி ஒருவர் காவலர் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உடற்தகுதித் தேர்வுக்கு அழைப்புக் கடிதம் வந்த பிறகுதான் ஓடிப் பழகத் தொடங்கினார். மைதானத்தில் 1500 மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கியது. சில விநாடிகளில் வாய்ப்பு கைநழுவியது. அவருடைய படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட ஆரம்பித்ததுதான் தாமதம்.

இந்தத் தேர்வைப் பற்றிப் பெற்றோர்களும் பிள்ளைகளும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஒரே தேர்வு, மூன்று துறைகள்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலை சிறைக்காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிகளுக்கும் பொதுத் தேர்வு நடத்துகிறது. ஒரே விண்ணப்பம், ஒரே எழுத்துத் தேர்வு, ஒரே உடற்திறன் தேர்வு. 2025ஆம் ஆண்டு அறிவிப்பில் காவலர் 2,833, சிறைக்காவலர் 180, தீயணைப்பாளர் 631 என்று பணியிடங்கள் இருந்தன. கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. சம்பள விகிதம் ரூ.18,200 முதல் ரூ.67,100 வரை.

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் தமிழ்நாட்டில் 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு உள்ளது. இந்தத் தேர்வுக்கும் அது பொருந்தும். வயது வரம்பிலும் சலுகை உண்டு. பொதுப் பிரிவினருக்கு 26 வயது என்றால் நம் பிள்ளைகளுக்கு 28. ஆனால் இதற்குச் சாதிச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் என்று எந்தப் பிரிவானாலும் சான்றிதழை இப்போதே வாங்கி வைப்பது நல்லது. அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து பயனில்லை.

முதலில் அளவுநாடா

உடற்தகுதித் தேர்வின் முதல் கட்டம் உடல் அளவு. ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மார்பளவு சாதாரண நிலையில் 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் குறைந்தது 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். பெண்களுக்கு உயரம் 159 சென்டிமீட்டர். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் உயரத்தில் சலுகை உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

எனவே மகனுக்குக் காவலர் ஆசை இருந்தால் முதல் வேலையாகச் சுவரோரம் நிறுத்தி, செருப்பில்லாமல் உயரத்தை அளந்து பாருங்கள். வளரும் வயது கடந்தும் 167தான் இருக்கிறது என்றால் அதைப் பக்குவமாகச் சொல்லிவிடுவதே நல்லது. இரண்டு மூன்று வருடத்தை வீணாக்காமல் குரூப் 4 போன்ற தேர்வுகளின் பக்கம் திருப்பலாம். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் போன்ற பணிகளுக்கு உயரம் தடையாக வராது.

உயரம் அல்லாஹ் தந்தது, அதை நாம் மாற்ற முடியாது. இனி சொல்லப்போகும் மற்ற எல்லாம் பயிற்சியால் வருவது.

ஏழு நிமிடம்

அடுத்த கட்டம் ஓட்டம். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. இதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் தவறினால் அன்றே வெளியேற வேண்டியதுதான்.

1500 மீட்டர் என்பது 400 மீட்டர் மைதானத்தில் மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி என்ற கணக்கில் ஓடினால் 7 நிமிடம் ஆகும். முதல் சுற்றிலேயே பாய்ந்து ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் நடப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். ஒரே சீரான வேகம் உடம்புக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். அழைப்புக் கடிதம் வந்தபின் கிடைக்கும் சில வாரங்கள் போதாது.

நூற்றில் இருபத்து நான்கு

ஓட்டத்தில் தேறியவர்களுக்கு மதிப்பெண் தரும் மூன்று போட்டிகள் நடக்கும். ஆண்களுக்கு ஒன்று, கயிறு ஏறுதல்: 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. இரண்டாவது, நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல்: நீளத்தில் 3.80 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 4.50 மீட்டருக்கு இரண்டு, உயரத்தில் 1.20 மீட்டருக்கு ஒன்று, 1.40 மீட்டருக்கு இரண்டு. மூன்றாவது, 100 மீட்டர் அல்லது 400 மீட்டர் ஓட்டம்: 100 மீட்டரை 15 விநாடியில் ஓடினால் ஒரு நட்சத்திரம், 13.50 விநாடியில் ஓடினால் இரண்டு.

பெண்களுக்குக் கயிறு ஏறுதல் இல்லை. நீளம் தாண்டுதல் உண்டு. 3 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 3.75 மீட்டருக்கு இரண்டு. குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல் அடுத்தது. பிறகு 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம்.

மூன்றிலும் இரண்டு நட்சத்திரம் பெற்றால் முழுதாக 24 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 70, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6, ஆக மொத்தம் 100. நூற்றில் ஏறக்குறைய கால் பங்கு மைதானத்தில் இருக்கிறது. அரை மதிப்பெண்ணில் இடம் போகும் தேர்வில் "ஒரு நட்சத்திரம் கிடைத்தால் போதும்" என்று நினைப்பது சரியல்ல. பள்ளியில் படிக்கும்போதே என்.சி.சி.யில் சேர்த்துவிட்டால் அதுவும் கைகொடுக்கும்.

கயிறு எதற்கு?

அமெரிக்காவில் பல தீயணைப்புத் துறைகள் தனித் தேர்வு வைக்கின்றன. சுமார் 23 கிலோ எடையுள்ள அங்கியை அணிந்துகொண்டு, படியேறுதல், குழாய் இழுத்தல், மனித பொம்மையை இழுத்து மீட்டல் உள்ளிட்ட எட்டு வேலைகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் தொடர்ச்சியாக முடிக்க வேண்டும். நம் ஊரில் அப்படியில்லை. அடிப்படை உடல் வலுவை மட்டும் பொதுவாகச் சோதித்து, தொழிலைத் தேர்வான பிறகு கற்றுத் தருகிறார்கள். ஆகவே நம் பிள்ளைக்கு விலையுயர்ந்த ஜிம் தேவையில்லை. ஒரு மைதானம், ஒரு மணல் குழி, உறுதியான ஒரு கயிறு இருந்தால் போதும்.

இந்த வலு எதற்கு என்பதை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவர் உயிரிழந்தார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இத்தகைய நாட்களில் முதலில் வந்து நிற்பவர்கள் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும்தான். அந்த வரிசையில் நம் வீட்டுப் பிள்ளையும் நிற்க வேண்டாமா?

நாம் செய்யக்கூடியது

ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் கிடைக்கும் ஒரு மணி நேரம் ஓட்டப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. வாரம் ஐந்து நாள் ஓடட்டும். கைவலுவுக்குக் கம்பியில் தொங்கி உடலைத் தூக்கும் பயிற்சியில் தொடங்கி, பிறகு கயிற்றுக்குப் போகலாம். கீழே மணல் பரப்பி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ரமலானில் கடும் பயிற்சியைக் குறைத்து, நோன்பு திறந்த பிறகு இலேசாகச் செய்யலாம். தேர்வு நாளே ரமலானில் அமைந்தால் முன்கூட்டியே ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்பொழி, வடகரை, அச்சன்புதூர், கடையநல்லூர் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கும் ஜமாஅத்துகள் சேர்ந்தால், ஏற்கெனவே பணியில் உள்ள காவலர், தீயணைப்பு வீரர் ஒருவரை அழைத்துப் பிள்ளைகளுக்கு நேரம் குறித்து ஓடப் பழக்கலாம். பெரிய செலவில்லை. ஒரு ஸ்டாப்வாட்ச், ஓர் அளவுநாடா, ஒரு கயிறு.

பத்தாம் வகுப்பு முடித்ததும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதோடு சேர்த்து, மகனையோ மகளையோ ஒருநாள் மைதானத்துக்கு அழைத்துப்போய் நேரம் குறித்து ஓடவிட்டுப் பாருங்கள். இன்று 9 நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அது இன்ஷா அல்லாஹ் 7க்குள் வந்துவிடும்.