குறுகலாக இருப்பதே மூக்கின் பலம்

ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நடுவட்டம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அங்கே தேயிலைத் தோட்டங்களை மூடுபனி சூழ்ந்துகொள்ளும். அந்தக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம் என்றுதான் தோன்றும். ஆனால் நுரையீரலின் கணக்கு வேறு. 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 9 கிராமுக்குச் சற்று மேல்தான். உடல் வெப்பமான 37 டிகிரியில் அதே காற்றுக்கு 44 கிராம் வேண்டும். பனிமூட்டத்தில் இழுக்கும் மூச்சுக்குக்கூட, கன மீட்டருக்குச் சுமார் 35 கிராம் நீரை உடல்தான் சேர்த்துத் தரவேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு இழுப்பது ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று. இந்த வேலையின் பெரும்பகுதியை மூக்கு சில சென்டிமீட்டர் தூரத்திலேயே முடித்துவிடுகிறது. இதைச் சாத்தியமாக்குவது உள்ளேயிருக்கும் எலும்புகளின் குறுகலான அமைப்பு. மூக்கடைப்பு வந்ததும் ‘எலும்பு வளைந்திருக்கிறது, சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம்’ என்று அவசரப்படுகிறவர்கள் முதலில் அறிய வேண்டியது இதைத்தான்.

மூக்கின் நடுத்தண்டு ஒரே துண்டல்ல. முன்பக்கம் குருத்தெலும்பு, பின்னால் மேற்புறம் எத்மாய்டு எலும்பின் செங்குத்துத் தகடு, கீழே வோமர் என்ற தனி எலும்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அது. இரு பக்கச் சுவர்களிலிருந்தும் மும்மூன்று எலும்புச் சுருள்கள் உள்நோக்கி நீண்டு, கீழ்ப்புறமாக வளைந்து தொங்குகின்றன. மருத்துவர்கள் டர்பினேட் என்பது இவற்றைத்தான். மேல்சுருளும் நடுச்சுருளும் எத்மாய்டின் பகுதிகள். கீழ்ச்சுருள் மட்டும் தனி எலும்பு. எலும்பு மெல்லியது, ஆனால் அதைப் போர்த்திய சவ்வு தடித்தது, இரத்தக் குழாய்கள் நிறைந்தது. இரத்தம் நிரம்பினால் அது உப்பும், வடிந்தால் சுருங்கும். சுருளுக்கும் தண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். அது அகலமாக இருந்தால் காற்று சவ்வைத் தொடாமல் நடுவில் ஓடிவிடும். குறுகலாக இருப்பதால்தான் காற்று படலமாகப் பரவி, தொண்டையின் மேற்பகுதியை எட்டுவதற்குள் 32, 34 டிகிரிக்கு வந்துவிடுகிறது. மூச்சு வெளியேறும்போது, குளிர்ந்திருக்கும் சவ்வில் நீராவி படிந்து ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. குளிர்காலக் காலையில் மூக்கு ஒழுக இதுவும் ஒரு காரணம்; அதை நோயென்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

சைனஸ் அறைகளிலும் இதே நுணுக்கம்தான். நெற்றியில், கன்னத்தில், கண்களுக்கு இடையில் எத்மாய்டு எலும்புக்குள், மூக்குக்குப் பின்னே ஆழத்தில் என நான்கு ஜோடிக் காற்றறைகள் மூக்கோடு இணைந்திருக்கின்றன. கன்ன அறையின் வாசல் அடியில் இல்லை, கூரைக்கு அருகில் இருக்கிறது. நிற்கும்போது சளி தானாக வழிந்துவிட முடியாது. விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசையும் நுண்ணிழைகள் அதை மேல்நோக்கித் தள்ளி வாசலுக்குக் கொண்டுசேர்க்கின்றன. அந்த வாசல் திறப்பது நடுச்சுருளின் அடியில், அன்சினேட் என்ற கொக்கி வடிவத் தகட்டுக்குப் பின்னே உள்ள ஒடுங்கிய சந்தில். நெற்றி அறையும் எத்மாய்டின் முன்னறைகளும் அந்தப் பக்கமாகவே வடிகின்றன. ஜலதோஷத்தில் அங்கே சவ்வு சற்று வீங்கினால் போதும், இத்தனை அறைகளும் அடைபடும். அறுவைக்காரர்கள் முன்பு கன்ன அறையில் தாழ்வாகப் புதுத்துளை போட்டார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது, சளி அந்தத் துளையை விட்டு இயற்கை வாசலையே நாடிப் போவது தெரிந்தது. 1980களில் பரவிய எண்டோஸ்கோப் அறுவை முறைக்கு அடிப்படை இந்த அறிவுதான்: இயற்கை வழியைத் திறந்துவிடு, மற்றதைக் காப்பாற்று.

‘ஒரு பக்கம் எப்போதும் அடைத்துத்தானே இருக்கிறது?’ என்று கேட்கலாம். பலருக்கு இரு பக்கச் சவ்வும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி உப்பிச் சுருங்கும். ஜெர்மானிய மருத்துவர் கைசர் 1895இல் இதை எழுதினார். இடகலை, பிங்கலை என்று சரம் பார்த்த நம் சித்தர் மரபு, மூச்சு பக்கம் மாறுவதை அதற்கு வெகு காலம் முன்பே கவனித்திருந்தது. அடைப்பு பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் மூக்கு தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள். இன்னொரு கேள்வி நீலகிரித் தைலம் பற்றியது. ஆவி பிடித்தவுடன் மூக்கு திறந்துகொள்கிறதே? தைலத்தில் உள்ள சினியோல், சவ்வில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. புதினாச் சத்தான மெந்தாலை வைத்துச் செய்த சோதனைகளில், காற்றோட்டம் கூடாமலே மூக்கு திறந்த உணர்வு மட்டும் கூடியது தெரியவந்தது. ஆறுதல் உண்மையானதுதான், ஆனால் நம் உணர்வு மூக்கின் அகலத்துக்குச் சரியான அளவுகோல் அல்ல. சுருள்களை அளவுக்கு மீறி வெட்டியவர்களில் சிலர், வழி விசாலமாக இருந்தும் மூச்சுத் திணறுகிறது என்று தவிப்பதும் இதனால்தான். காற்றை உணரும் சவ்வும் எலும்போடு போய்விடுகிறது. வெற்று மூக்கு நோய் என்ற பெயரே அதற்கு ஏற்பட்டிருக்கிறது.

அப்படியானால் அறுவையே தவறா? இல்லை. தண்டு கடுமையாக வளைந்து வழியை மறித்தால், மருந்துக்குக் கட்டுப்படாத பாலிப் எனும் சவ்வு வளர்ச்சிகள் நிறைந்தால், நாள்பட்ட அழற்சியில் வடிகால் திறக்காமல் போனால், அறுவை வாழ்க்கையையே மாற்றும். ஆனால் ‘சதை’ என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வாமையால் உப்பிய கீழ்ச்சுருள் உடம்பின் சொந்த உறுப்பு, தொட்டால் உணர்வுண்டு. பாலிப் வெளிறி, உரித்த திராட்சைபோல் தொங்கும், தொட்டால் உணர்வு மிகக் குறைவு. முன்னதற்கு முதல் வைத்தியம் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும், காய்ச்சி ஆறவைத்த நீரில் உப்பிட்டுக் கழுவுவதும். தேவைப்பட்டால் சவ்வைக் காத்துச் சுருளை ஒடுக்கலாம். ஸ்கேனில் ‘தண்டு வளைவு’ என்று வந்ததும் கலங்க வேண்டாம். சிறு வளைவு மிகப் பலருக்கு உண்டு, தொந்தரவில்லாவிட்டால் அது வெறும் செய்தி. தாமதிக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. எத்மாய்டு அறைக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது காகிதம்போல் மெல்லிய தகடு. சளியோடு கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி, அறுவை என்று சொல்லும் மருத்துவரிடம் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது: ‘எதை எடுக்கப் போகிறீர்கள், எதை விட்டுவைக்கப் போகிறீர்கள்?’ இரண்டாவது பாதிக்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகே சம்மதிக்க வேண்டும்.