டீக்கடை வழக்கு – 6: தண்ணீருக்கும் கட்சி உண்டு

பென்னாகரம் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, “ஒகேனக்கல் தண்ணியைக் கொண்டாந்தது யாருங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அன்றைய பொழுது போய்விடும். “அடிக்கல் நாட்டினது எங்க தலைவரு” என்பார் ஒருவர். “தொறந்து வெச்சது அம்மாதானே?” என்பார் அடுத்தவர். “நாங்க ரோட்ல உக்காரலைன்னா ரெண்டு பேருமே வந்திருக்க மாட்டாங்க” என்று மூன்றாமவர் எழுந்தே நின்றுவிடுவார்.

வேடிக்கை என்னவென்றால், இவர்களுக்குள் தகவலில் சண்டையே இல்லை. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியவர் கருணாநிதி. கர்நாடகத்தில் அதை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்ததும், அங்கே தேர்தல் முடியட்டும் என்று திட்டம் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கப்பட்டது. ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக அது நிறைவேறியபோது 2013-இல் தொடங்கிவைத்தவர் ஜெயலலிதா. இதையெல்லாம் மூவருமே ஒப்புக்கொள்வார்கள். பேர் யாருக்கு என்பதில்தான் அடிதடி. அடிக்கல்லுக்கு எவ்வளவு, குழாய்க்கு எவ்வளவு, போராட்டத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுக்க எந்த ஆவணத்தாலும் ஆகாது. அது அபிப்பிராயம், ஆயுசுக்கும் பேசலாம். பேசட்டும், டீயாவது விற்கும்.

எனக்குக் கவலை தருவது, அதே பெஞ்சில் சத்தமில்லாமல் சொல்லப்படும் வேறொன்று. “எங்க போர் தண்ணியில ஒண்ணும் கெடையாது மாமா. பளிங்காட்டம் இருக்குது. அது என் கருத்து.”

கருத்தா? இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் பிரச்சினையே பல்லில் கறை ஏற்றும் ஃப்ளோரைடுதான். அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை, குடிநீரில் கலந்திருக்கும் அளவில் ருசியும் தெரியாது. கண்ணையும் நாக்கையும் இங்கே சாட்சிக்குக் கூப்பிட முடியாது. ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் எண் கைக்கு வந்துவிடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். தருமபுரி மாவட்டத்துப் பாறைகளில் ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கில் நெடுங்காலம் கிடக்கும் நீரில் அது கரைந்து சேரும். ஆழ போர் போடப் போட, அப்படிக் கிடந்த நீர்தான் மேலே வருகிறது. (டீத்தூளிலும் ஃப்ளோரைடு இருக்கிறது. கடையிலேயே உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாதீர்கள்.)

“காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடும்” என்பதும் இந்த ரகம்தான். கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். பள்ளிக்கூடத்தில் உண்மை, கருத்து என்று இரண்டே கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தப்பான தகவலுக்கு அதில் இடமில்லை. அது ஓடிப்போய்க் கருத்துக் கட்டத்தில் ஒளிந்துகொள்கிறது. அங்கே போனபிறகு எதிர்த்துக் கேட்டால், கேட்டவர் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுகிறார்.

இதைவிடச் சிக்கலானது ஒரு பெரியவரின் கேள்வி: “ஆத்துத் தண்ணி குடிக்க ஆரம்பிச்சு இத்தன வருசமாச்சு, என் பல்லு கறை போச்சா? அப்பறம் எப்படித் தண்ணியால வந்ததுன்னு சொல்றீங்க?” கறை போகவில்லை என்பது பச்சை உண்மை, யாரும் வாயைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். முடிவுதான் தவறு. இந்தக் கறை பல்லில் ஏறுவது எனாமல் உருவாகும் சிறுவயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள். அதன்பிறகு எந்த ஆற்றுத் தண்ணீரும் அதைக் கழுவாது. அவர் பல், அவர் சிறுவனாக இருந்தபோது குடித்த தண்ணீரின் கணக்கு. இன்றைய குழாயைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவருடைய பத்து வயதுப் பேத்தியின் முன்பற்களைப் பார்க்க வேண்டும்.

அந்தக் குழாய் பற்றியும் பெஞ்சில் ஒரு புகார் உண்டு: “ஆத்துத் தண்ணின்னு சொல்லிட்டு, தொட்டியில போர் தண்ணியக் கலந்துதான் உடறாங்க.” “அதெல்லாம் எதிர்க்கட்சிக்காரன் கெளப்பறது” என்று உடனே பதில் வரும். அரை மணி நேரம் சத்தம். இருவரும் அவரவர் தெருக் குழாயிலிருந்து ஆளுக்கொரு பாட்டில் பிடித்து, கிராமத்து போரிலிருந்து மூன்றாவதாக ஒன்றும் பிடித்து, தருமபுரி பரிசோதனைக் கூடத்துக்கு பஸ் ஏறியிருக்கலாம்.

(தொடரும்)