சூப் டப்பாவும் இருவகைச் சிரிப்பும்

சிரிப்பு இருவகைப்படும். அறியாமையால் எழுவது ஒன்று; அறிந்து மகிழ்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு சூப் டப்பா நமக்கு விளக்கிக் காட்டுகிறது.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் நியூயார்க்கில் விளம்பரப் படங்கள் வரைந்து வந்தவர். கேம்ப்பெல் நிறுவனத்தின் சூப் டப்பாக்களை அவர் ஓவியங்களாகத் தீட்டினார். அந்நிறுவனம் அப்போது விற்ற சூப் வகைகள் 32; ஓவியங்களும் 32. 1962இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஃபெரஸ் கலைக்கூடத்தில், கடை அலமாரியில் அடுக்கியது போலவே அவை வரிசையாக வைக்கப்பட்டன. பலர் நகைத்தனர். அருகிலிருந்த மற்றொரு கலைக்கூடத்தார் உண்மையான சூப் டப்பாக்களையே அடுக்கி, மலிவாகத் தருவதாகக் கேலி செய்தனர்.

விளம்பரம், சித்திரக்கதை, அன்றாடப் பொருள் ஆகியவற்றைக் கருவாகக் கொண்ட இக்கலையைப் 'பாப் ஆர்ட்' என்பர். நாள்தோறும் கையாளும் பொருளை நாம் ஒருமுறையேனும் உற்று நோக்கியதுண்டா? இதுவே அக்கலை எழுப்பிய கேள்வி எனலாம்.

ஆண்டுகள் 37 சென்றன. 1999 ஏப்ரலில் 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடரில் ஒரு கதை ஒளிபரப்பாயிற்று. குடும்பத் தலைவர் ஹோமர் தோட்டத்தில் செங்கல் அடுப்புக் கட்ட முயன்று, எல்லாவற்றையும் சிமெண்டுக் குவியலாக்கிவிடுகிறார். கலைக்கூடம் நடத்தும் ஒரு பெண்மணி அதையே அரிய படைப்பென்று கொண்டாடுகிறார்! அதே போன்றவற்றை மீண்டும் செய்தபோதோ எவரும் மதிக்கவில்லை. மனம் நொந்து அருங்காட்சியகத்திற்குச் சென்ற ஹோமர் அங்கே கண்ணயர்கிறார். கனவில் வார்ஹோல் தோன்றிச் சூப் டப்பாக்களை அவர்மீது வீசுகிறார்!

ஓவியர் ஜாஸ்பர் ஜோன்ஸும் இக்கதையில் வருகிறார். கையில் அகப்பட்டதைத் திருடுபவராக! அப்பாத்திரத்திற்குக் குரல் கொடுத்தவர் ஜோன்ஸேதான். கொடி, மின்விளக்கு, டப்பா போன்ற எளிய பொருள்களைத் தம் கலைக்கு எடுத்துக்கொண்டவர் அவர். இதை அறிந்தோர்க்கு அந்தக் கேலி இரட்டிப்புச் சுவை தரும்.

1962இன் கேலி ஓவியத்தைத் தள்ளிவிட எழுந்தது. 1999இன் கேலியோ அதை அறிந்து, நினைவில் வைத்து எழுந்தது. இடையில் அவ்வோவியங்களைக் காத்தவர் ஃபெரஸ் கலைக்கூடத்தின் இர்விங் ப்ளம். விலைபேசப்பட்டிருந்த சிலவற்றையும் திரும்பப் பெற்று, 32ஐயும் பிரியாமல் அவர் வைத்திருந்தார். இன்று அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. ஊர் சிரித்த வேளையில் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு விட்டிருந்தால், அவை திசைக்கொன்றாய்ச் சிதறியிருக்கும் அன்றோ?

மாணவியரே! புதுமையைக் கண்டு சிரிப்பதில் தவறில்லை. ஆனால் சிரிக்கும் முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். பார்த்தபின் வரும் சிரிப்பே நம் அறிவை வளர்க்கும்.