விளக்கை அணைத்தால் சூடு தணியுமா?

2023-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள். மதுரை மகபூப்பாளையத்தில் வசிக்கும் என் தங்கை குடும்பத்தார், மேலூரிலுள்ள உறவினர் வீட்டு விருந்துக்குக் காரில் புறப்பட்டனர். சித்திரை மாத வெயில். முற்பகல் பதினொரு மணியளவில் வைகைப் பாலத்தைக் கடந்து, கோரிப்பாளையம் நெரிசலில் வண்டி நின்றபோது, ஏ.சி. குளிரை விட்டுவிட்டு அனலை வீசத் தொடங்கியது. சிறிது நேரத்தில் ஓட்டுபவருக்கு முன்னுள்ள திரையில் சிவப்பு நிற வெப்பமானிக் குறி தோன்றியது. எஞ்சினை உடனே நிறுத்தும்படி எச்சரிக்கையும் வந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க, பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்ப, பிள்ளைகளை இறக்கி நிழலில் நிறுத்திவிட்டு நான்கு பேர் கூடி வண்டியை ஓரம் தள்ளினார்கள். விருந்துக்கு வாடகைக் காரில்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

தள்ளப்பட்டது சாதாரணக் கார் அன்று. பதினேழு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய தங்கையின் கணவர், மகளின் மேற்படிப்புக்கென வைத்திருந்த தொகையிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்து வாங்கிய, 2014-ஆம் ஆண்டு தயாரிப்பான ஜெர்மன் நாட்டு டீசல் சொகுசுக் கார்.

இத்தகைய கார்கள் நம் ஊர்த் தெருக்களில் பெருகியதற்குக் காரணம் உண்டு. 2007-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் சென்னைக்கு அருகே மகேந்திரா சிட்டியில் தன் தொழிற்சாலையைத் திறந்தது. அதுவரை இறக்குமதியாளர்களுக்கு மட்டுமே எட்டிய வண்டிகள், அதன் பிறகு தமிழ்நாட்டிலேயே பூட்டப்பட்டு வெளிவரத் தொடங்கின. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாதென உத்தரவிட்டது. 2018-இல் உச்சநீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. பத்தாண்டு நெருங்கிய வடநாட்டு வண்டிகள், தடையில்லாச் சான்றிதழுடன் தென்னாட்டுச் சந்தைக்கு இறங்கின. புதிய சிறு கார் ஒன்றின் விலைக்குத் தோல் இருக்கையும் மேற்கூரைக் கண்ணாடியும் கொண்ட வண்டி கிடைக்கிறதென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? வாங்கும் விலைதான் குறைந்திருக்கிறது. உதிரிப் பாகத்தின் விலை அந்தக் கார் புதிதாய் இருந்தபோது எப்படியோ அப்படியே இருக்கிறது. கணக்குப் போடும்போது பலர் இதனை மறந்துவிடுகிறார்கள்.

கோரிப்பாளையத்தில் நின்றது முதல் தடவை அன்று. அதற்கு இரண்டு மாதம் முன்பே எஞ்சின் விளக்கு எரிந்திருக்கிறது. ஒரு பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்து, பி 0217 என்னும் குறியீடு வந்ததைக் காட்டினார்கள். குளிர்விக்கும் நீர் அளவு மீறிச் சூடாகிறது என்பது அதன் பொருள். அவர்களோ, வெப்பத்தைப் பற்றிய குறியீடு என்றால் வெப்ப சென்சார்தான் கெட்டிருக்க வேண்டும் எனத் தீர்மானித்து, புதிய சென்சாரை மாற்றி, விளக்கையும் அணைத்துக் கொடுத்தார்கள். பத்து நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது. இரண்டாவது பட்டறையில், "நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று சொல்லி அதனைக் கழற்றியே எறிந்துவிட்டார்கள். இப்போது பி 0128 என்னும் வேறு குறியீடு வந்தது. எஞ்சின் உரிய சூட்டை எட்டவில்லை என்பது இதன் பொருள்! மறுபடியும் ஒரு சென்சார் மாற்றப்பட்டது. ஒரே வண்டி, ஒரு நாள் சூடு அதிகம் என்றது. மறுநாள் சூடு போதவில்லை என்றது. வெவ்வேறு குறைகளைச் சொல்ல வந்த இரண்டு சென்சார்களும் குற்றவாளிகளாக்கப்பட்டன.

இந்த நிலையில் தரகர் ஒருவர் வந்தார். விற்கும் நாளன்று ஸ்கேனரால் குறியீட்டை அழித்துவிடலாம், விளக்கு ஒரு வாரத்துக்கு எரியாது, அதற்குள் கைமாற்றிவிடலாம் என்பது அவருடைய ஆலோசனை. தங்கை கணவர் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். செலவு அவரை அந்த அளவுக்கு நெருக்கியிருந்தது. தங்கை ஒப்பவில்லை. "நம்ம வீட்டுத் தலைவலியை இன்னொரு வீட்டுக்கு அனுப்பிட்டு அந்தக் காசுல சாப்பிட முடியுமா?" என்று அவள் கேட்டபின் அந்தப் பேச்சு நின்றது. குறையை மறைத்து விற்கும் வணிகத்தில் பரக்கத் இல்லையென்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்கள் நாம். அந்தப் பாடம் நமக்குத் திரும்பி வரும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

நண்பர் ஒருவர் மூலம், ஐம்பது வயது கடந்த மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் ஸ்கேனரைக் கையில் எடுக்கவே இல்லை. முதலில், வண்டி எங்கே சூடாகிறது, எங்கே ஆகவில்லை என்று கேட்டார். தங்கை கணவர் மாற்றிய பாகங்களின் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருக்க, தங்கை குறுக்கிட்டாள்: "அண்ணே, சிக்னல்ல நின்னா ஏ.சி. அனலா வருது. ஒத்தக்கடை தாண்டி நாலுவழிச் சாலையில ஏறினா ஜில்லுனு ஆயிடுது. எப்பவும் இப்படித்தான்." மெக்கானிக் சிரித்துவிட்டு, "பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்கம்மா" என்றார்.

அவர் சிரித்ததற்குக் காரணம் எளியது. எஞ்சினைச் சுற்றி வரும் நீர், தன் சூட்டை முன்புறமுள்ள ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது. ஏ.சி.யின் கண்டென்சரும் அதற்கு முன்னால்தான் நிற்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும்போது எதிர்க்காற்றே இரண்டையும் குளிர்விக்கும். நெரிசலில் நிற்கும்போது காற்றை இழுத்துத் தருவது மின்விசிறி ஒன்றுதான். நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் விசிறியையோ, ரேடியேட்டரின் முகத்தை அடைத்துள்ள தூசியையோ ஐயுற வேண்டும். மாறாக, நெடுஞ்சாலை வேகத்திலும் மேட்டிலும் சூடேறினால், நீரோட்டத்தில் குறை: வாட்டர் பம்பு, உள்ளே அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், அல்லது எல்லாவற்றினும் கொடிதான ஹெட் கேஸ்கெட். கோரிப்பாளையமும் மேலூர்ச் சாலையும் போல மதுரைக்காரருக்கு இலவசமாய்க் கிடைத்த பரிசோதனைக் கூடம் வேறில்லை!

பிறகு அவர் ஸ்கேனரைப் பொருத்தினார். பழைய குறியீடுகளைப் படிப்பதற்கு அன்று, ஓடும்போதே மாறும் வெப்ப அளவைப் பார்ப்பதற்கு. ஒத்தக்கடை வரை போய்த் திரும்பியபோது எண் 70-ஐத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் வேறெப்படி இருக்கும்? அது வால்வு போன்றது. பெரும்பாலான எஞ்சின்களில் 85 முதல் 95 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை நீரை எஞ்சினுக்குள்ளேயே சுழலவிட்டு விரைவில் உரிய சூட்டுக்குக் கொண்டுவரும். அதைக் கழற்றினால் எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடும். டீசல் வீணாகும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களிலோ நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, இருக்கும் சூட்டையும் கூட்டிவிடும். "நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம்" என்பது எந்த ஊர் வெயிலுக்கும் பொருந்தாத வைத்தியம்.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யையும் போட்டார். எண் ஏறியது: 85, 94, 103. ஏ.சி. போட்டதுமே சுழல வேண்டிய விசிறி அசையவில்லை. அடுத்து அவர் செய்ததுதான் என் மனத்தில் நின்றது. வெப்ப சென்சாரின் இணைப்பைக் கழற்றினார். இத்தகைய கார்கள் பெரும்பாலானவற்றில், சென்சார் பேசாது போனால் கணினி ஆபத்தைக் கருதி விசிறியை முழு வேகத்தில் ஓட்டிவிடும். காதைத் துளைக்கும் சத்தம் வர வேண்டும். அங்கே நிசப்தம். உடனே எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் நன்றாக ஆறிய பின், விசிறிக்குப் போகும் தடித்த ஒயர்களின் இணைப்பைப் பிரித்துக் காட்டினார். பிடிப்புத் தளர்ந்து, சூடாகி, ஒரு முனை கருகி உருகியிருந்தது. இரண்டு மாதமாய்க் குடும்பத்தை அலைக்கழித்தது விரல் நகமளவுள்ள அந்தக் கருகல்தான்.

பழைய சென்சார்களில் ஒன்றைத் தங்கை கணவர் பத்திரமாய் வைத்திருந்தார். மெக்கானிக் அதனை மல்டிமீட்டரில் பொருத்தி, சாதாரணத் தண்ணீரில் வைத்தபோது ஏறக்குறைய 2,000 ஓம் காட்டியது. வெந்நீரில் இட்டபோது படிப்படியாய்க் குறைந்து 300-ஐ நெருங்கியது. சூடு ஏற ஏற மின்தடை இறங்குவதே இவ்வகைச் சென்சாரின் இயல்பு. கணினி அதைத்தான் டிகிரியாக மாற்றிப் படிக்கிறது. பாவம், அது கடைசிவரை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஒயர் அறுந்திருந்தால் உறைபனிக்கும் கீழான வெப்பநிலை என்று அபத்தமாய்க் காட்டியிருக்கும். குறியீடும் பி 0118 என வேறாய் வந்திருக்கும்.

இன்னும் ஓர் அச்சம் மீதமிருந்தது. மூன்று தடவை கொதித்த எஞ்சினில் சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தால், செலவு லட்சத்தில் போய் நிற்கும். கூலண்ட் தொட்டியின் வாயில் ஒரு குழாயைப் பொருத்தி, அதிலுள்ள நீல நிறத் திரவத்தின் வழியே தொட்டியின் காற்றை இழுத்தார்கள். எரிந்த புகை கேஸ்கெட்டைத் தாண்டி நீரில் கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. தங்கை கணவர் அந்தக் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நீலம் நீலமாகவே இருந்தது.

எல்லாருக்கும் இப்படி எளிதாய் முடிந்துவிடுவதில்லை. 2018 கோடையில் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தீப்பற்றின. புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து எஞ்சினுக்கே திருப்பியனுப்பும் இ.ஜி.ஆர். கூலர் என்னும் உறுப்பில் கூலண்ட் கசிந்து, கரியோடு சேர்ந்து படிந்து, சூட்டில் பற்றியதே காரணம் எனத் தெரியவந்தது. அவ்வாண்டு அக்டோபருக்குள் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. தரையில் ஒரு சொட்டும் விழாமல் கூலண்ட் மாதாமாதம் குறைகிறதென்றால், "மேலே ஊற்றிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன். பழைய சொகுசுக் கார் வாங்குவோர், சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் விசாரிக்கலாம்.

நம் வட்டாரத்துக்கே உரிய கேடு ஒன்றுண்டு; அது போர்த் தண்ணீர். தங்கை வீட்டு வண்டியில் கூலண்டுக்குப் பதில் பாதிக்கு மேல் அதுதான் இருந்தது. வழியில் குறையும்போதெல்லாம் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்கள். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த அந்த நீர், சமையல் பாத்திரத்தில் வெள்ளையாய்ப் படிவதுபோல ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களிலும் படியும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சம அளவில் கலந்து, மூடியும் அழுத்தத்தைச் சரியாய்த் தாங்கினால், கலவை 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். வெறும் தண்ணீருக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. சூடான எஞ்சினின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். பீறிடும் ஆவி முகத்தை வேகவைத்துவிடும். வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டு வைக்காதீர்கள். அது இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் சொல்லாமல் விடலாகாது.

வெப்பமானியின் முள்ளையும் முழுதாய் நம்ப வேண்டாம். இத்தகைய கார்கள் பலவற்றில் 80 டிகிரியாயினும் 110 ஆயினும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் வீணாய்க் கலங்கக் கூடாதாம்! சில கார்களில் முள்ளே கிடையாது. செல்பேசியோடு இணைந்து பேசும் சிறிய ஸ்கேனர் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள பதினாறு முனைச் சாக்கெட்டில் செருகினால் உண்மையான எண் தெரிந்துவிடும். விலை குறைந்த கருவிகள் பொதுவான குறியீடுகளையே படிக்கும். நிறுவனத்தின் தனிக் குறியீடுகளைக் காட்டா. ஆயினும் வெப்ப அளவைப் பார்க்க அதுவே போதும்.

வாங்கப் போகிறவர்கள் அந்தக் கருவியோடு விடியற்காலையில் போக வேண்டும். "நான் வருவதற்குமுன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியில் கூலண்டின் வெப்பமும், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும், வெளி வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒன்று மட்டும் பெரிதும் விலகி நின்றால் அந்த சென்சாரை ஐயுறலாம். கூலண்ட் மட்டும் சூடாயிருந்தால், உங்களுக்குமுன் யாரோ எஞ்சினை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். குறியீடு அண்மையில் அழிக்கப்பட்டிருந்தால், கணினியின் சுயபரிசோதனைகள் "முடியவில்லை" என்றே அந்தக் கருவியில் தெரியும். அப்போது விற்பவரிடம் காரணம் கேளுங்கள். பின்னர் ஏ.சி.யைப் போட்டு அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, விசிறியின் சத்தத்துக்குக் காது கொடுங்கள்.

தங்கை வீட்டு வண்டிக்கு விசிறியின் இணைப்பு புதிதாய்ப் போடப்பட்டது. தெர்மோஸ்டாட் சென்னையிலிருந்து வர நான்கு நாளாயிற்று. பழைய நீர் வடிக்கப்பட்டு, குழாய்களில் தங்கிய காற்றும் வெளியேற்றப்பட்டு, புதிய கூலண்ட் நிரப்பப்பட்டது. மொத்தச் செலவு, முன்பு இரண்டு பட்டறைகளிலும் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, எல்லாருமாய் மறுபடியும் கோரிப்பாளையம் வழியே மேலூருக்குப் புறப்பட்டோம். சிக்னலில் நின்றதும் தங்கை பேச்சை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வெளியே காது கொடுத்தாள். முன்னால் விசிறி சுழலும் இரைச்சல் கேட்டது.