செல்லோவும் பியானோவும்: வழி நிற்பவர் யார்?

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் எவரும் ஓரிடத்தில் சற்றே நின்று போவர். குழலின் வழியே யாழ் நிற்கின்றது. யாழின் வழியே தண்ணுமை. தண்ணுமையின் பின்னே முழவு. முழவோடு கூடி ஆமந்திரிகை. பல கருவிகள் ஒருங்கே ஒலிக்கும்போது எது முன்செல்லும், எது பின்தொடரும் என்பதை இளங்கோவடிகள் ஐயத்துக்கு இடமின்றி வகுத்துரைக்கின்றார். இன்றைய நம் கச்சேரி மேடையும் இவ்வொழுங்கினின்று பெரிதும் விலகியதன்று. பாடுபவர் முதல்வர், வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களில் திருவிழா மேளம் கேட்டு வளர்ந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நாகசுரம் நடத்திச் செல்லும். தவில் உடன் செல்லும். தனி முறை வரும்போது மட்டும் தவில்காரர் அரங்கைத் தம் வசமாக்கிக் கொள்வார்.

இந்தச் செவியோடு மேற்கத்திய இசையரங்கு ஒன்றிற்குச் செல்வோமாயின் முதலில் எழும் வினா, ‘இதில் பக்கவாத்தியம் எது?’ என்பதே. கோலசிலாங்கூரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாலம்பூரில், இரட்டைக் கோபுரத்தின் அடியில், 1998-இல் பெட்ரோனாஸ் இசைமண்டபம் திறக்கப்பட்டது. அத்தகைய மேடையில் செல்லோவும் பியானோவும் மட்டும் இணைந்த இருவர் கச்சேரி நிகழ்கிறது என்று கொள்வோம். சுருதிப்பெட்டி இல்லை, தாளக்கருவி இல்லை, பாடுவாரும் இல்லை. செல்லோக்காரர் நடுவில் அமர்கின்றார். பியானோ அவருக்குப் பின்னே பெருத்துக் கிடக்கின்றது. ஆதலின், செல்லோவே முதன்மை, பியானோ துணை என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு எண்ணிக் கேட்பவர் இசையில் பாதியை இழந்துவிடுவார்.

இவ்விரு கருவிகளின் இயல்பை அறிந்தால் காரணம் விளங்கும். செல்லோ வயலின் இனத்தது, ஏறத்தாழ நான்கடி உயரம், நான்கு நரம்பு. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இழைப்பர். ஆண்குரலை ஒத்த கனமும் குழைவும் அதற்கு உண்டு. இதன் ஒலி நமக்குப் புதிதன்று. இளையராஜாவின் திரைப்பாடல்களில் பலகாலும் கேட்டதுதான், பெயர்தான் தெரியாது. பியானோவோ, 1700-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பார்த்தொலோமெயோ கிறிஸ்தோஃபோரி என்பார் ஆக்கியது. இன்றைய பியானோவில் 88 கட்டைகள். கட்டையை அழுத்தினால் உள்ளே சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். தட்டிய ஒலி அப்போதே தேயத் தொடங்கும். செல்லோவில் வில் ஓடுமளவும் ஒலி வளரலாம், தேயலாம், வழுக்கி மற்றொரு சுரத்துக்கும் செல்லலாம். பியானோவில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்க வழியே இல்லை.

நம் செவி தயங்குவது இங்கேதான். கமகம் இல்லாத இசை நமக்கு உப்பில்லாப் பண்டம். வயலினை நாம் ஏற்றதும் இக்கருத்தாலேயே. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் அதனைப் பயின்றார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். கருவி அயலது, ஆயினும் நாம் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் காலில் தாங்கி, சுருதியை மாற்றி, நம் குரலின் நெளிவையெல்லாம் அதில் பேசவைத்துவிட்டோம். ஆர்மோனியத்தின் கதை வேறு. பஜனைக் கூட்டங்களில் அதனை அன்போடு வைத்திருக்கின்றோம். அகில இந்திய வானொலியோ 1940-இல் அதனை விலக்கி வைத்தது. கட்டைக் கருவியில் சுரம் அசையாது என்பது அன்று சொல்லப்பட்ட குறை. அவ்விலக்கு 1971-இல்தான் தளர்ந்தது. பியானோவும் கட்டைக் கருவியே.

ஆயினும் பியானோவின் செல்வம் வேறிடத்தில் உள்ளது. பத்து விரல்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களை எழுப்பலாம். ஒரு கை பாட்டைச் சொல்ல, மறுகை அதற்கு அடித்தளம் இடலாம். நம் இசை ஒரு சுரத்தைச் சுற்றி நெளிந்து ஆழம் காண்கின்றது. அவர்கள் இசை பல சுரங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி ஆழம் காண்கின்றது. செல்லோவின் நீளத்தையும் பியானோவின் அடுக்கையும் ஒன்றோடொன்று பொருத்துவதே இருவர் கச்சேரியின் சிக்கல்.

அச்சிக்கலை அவிழ்த்தவர்களுள் தலையாயவர் பீத்தோவன். செல்லோவுக்கும் பியானோவுக்குமாக அவர் ஐந்து சொனாட்டாக்கள் எழுதினார். முதலிரண்டும் 1796-இல் பெர்லினில் தோன்றியவை. தாமே செல்லோ வாசிக்கும் பிரஷ்ய மன்னருக்கு உரிமையாக்கப்பட்டவை. அவற்றில் பியானோவின் கையே ஓங்கியிருக்கும். அக்காலத்தில் இத்தகைய ஆக்கங்களைப் ‘பியானோவுக்கு, செல்லோவுடன்’ என்ற வரிசையிலேயே குறித்தனர். வழி நின்றது செல்லோ! இன்று மேடையைக் கண்டு நாம் நினைப்பதற்கு நேர்மாறு.

1808-இல் அவர் முடித்த மூன்றாவது சொனாட்டாவில் நிலை மாறுகின்றது. புதிதாகக் கேட்பவர்க்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதனையே. செல்லோ தனியே தொடங்குகின்றது. பியானோ வாய் திறப்பதில்லை. செல்லோ தன் வாக்கியத்தை முடித்து ஒரு தாழ்ந்த சுரத்தில் ஊன்றி நிற்க, அதன்மேல் பியானோ எழுந்து மறுமொழி சொல்கின்றது. அடுத்து, செல்லோ சொன்ன அதே வாக்கியத்தைப் பியானோ சொல்ல, செல்லோ மறுமொழி தருகின்றது. முன்செல்வதும் பின்தொடர்வதும் இவ்வாறு கைமாறிக்கொண்டே இருக்கும். இக்காலப் பியானோ பீத்தோவன் காலத்ததைவிட ஒலி மிக்கது; எனவே செல்லோவின் தாழ்ந்த சுரங்கள் அமுங்காதபடி விரலை அடக்கி வாசிப்பதில் பியானோக்காரரின் தேர்ச்சி தெரியும். சத்தமாக வாசிப்பது எளிது.

கேட்கும்போது நாம் பழகிய ஒன்றை விடவேண்டியிருக்கும். நல்ல பிடி ஒன்று விழுந்தால் ‘சபாஷ்’ என்போம். அங்கே பகுதிக்கும் பகுதிக்கும் இடையிலும் கை தட்டுவதில்லை, முழுதும் முடிந்தபின்னரே கரவொலி. இந்தச் சொனாட்டாவின் நடுவே மெல்லிய விளம்பகாலப் பாடல் ஒன்று தொடங்கும். இனி நெடுநேரம் திளைக்கலாம் என்று நாம் சாய்ந்து அமர்வோம். பதினெட்டே அளவுகள், அதற்குள் இறுதிப் பகுதி துள்ளிப் புறப்பட்டுவிடும்.