நாலு பட்டன்... எல்லாமே ‘சரி’தானா? ஓப்பன் வேர்ல்டு கேம்களில் நாம் பேசும் பேச்சுக்கு என்ன மதிப்பு?

2015 நவம்பரில் ‘ஃபால்அவுட் 4’ வெளியானது. அதற்காக வருடக்கணக்கில் காத்திருந்த ரசிகர்கள் சீக்கிரமே ஒரு ஜோக்கைக் கிளப்பிவிட்டார்கள். கேமில் யாராவது வந்து உதவி கேட்டால் திரையில் நான்கு பதில்கள் வரும். ஒன்று: ‘சரி’. இரண்டு: ‘நக்கலாக சரி’. மூன்று: ‘விஷயத்தை முழுசா சொல்லு... சரி’. நான்கு: ‘இப்போ முடியாது, அப்புறம் வந்து சரி சொல்றேன்’.

ஜோக்தான். ஆனால் விளையாடியவர்களிடம் கேட்டால், இதில் மிகைப்படுத்தல் ரொம்பக் கம்மி என்பார்கள்.

இதில் இவ்வளவு கடுப்பாக என்ன இருக்கிறது? கார் ரேஸ் கேமிலோ துப்பாக்கிச் சண்டை கேமிலோ யாரும் வசனத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜி வேறு ரகம். பெரிய உலகம் ஒன்றைத் திறந்துவிட்டு, ‘நீ யாராக வேண்டுமானாலும் இரு, எங்கே வேண்டுமானாலும் போ’ என்று சொல்லித்தான் அந்த கேமையே விற்கிறார்கள். மலை ஏறுவதில், கடையில் திருடுவதில் அந்தச் சுதந்திரம் கிடைத்துவிடும். வாயைத் திறந்து பேசும் இடத்தில்தான் சாயம் வெளுக்கும்.

பட்டன் நாலு என்றால் பதிலும் நாலு

ஃபால்அவுட் 4-ல் நடந்தது இதுதான். அணு ஆயுதப் போர் வெடித்த நாளில் உறைநிலையில் வைக்கப்பட்ட ஒருவர், 2287-ல் கண்விழிக்கிறார். கணவன் அல்லது மனைவி கொல்லப்பட்டாயிற்று, கைக்குழந்தையைக் கடத்திவிட்டார்கள். குழந்தையைத் தேடி பாஸ்டன் நகர இடிபாடுகளுக்குள் அலைய வேண்டும்.

முந்தைய ஃபால்அவுட் கேம்களில் ஹீரோவுக்குக் குரல் கிடையாது. பதில்கள் முழு வாக்கியமாகத் திரையில் இருக்கும். படித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நான்காம் பாகத்தில் பெதஸ்டா நிறுவனம் ஹீரோவையும் பேசவைக்க முடிவு செய்தது. ஆண் கேரக்டருக்கு பிரையன் டெலானி, பெண் கேரக்டருக்கு கோர்ட்னி டெய்லர். ஆளுக்குச் சுமார் 13,000 வரிகள் பதிவு செய்ததாக நிறுவனமே சொன்னது. ஹீரோ பேசப்போவதை முதலிலேயே எழுதிக் காட்டிவிட்டு அதையே மறுபடி கேட்கவைத்தால் சப்பென்று இருக்கும் இல்லையா? அதனால் திரையில் இரண்டு மூன்று சொற்கள் மட்டும். சில இடங்களில் வெறுமனே ‘நக்கல்’ என்ற ஒரே ஒரு சொல்.

அதோடு, கன்ட்ரோலரில் உள்ள நான்கு பட்டன்களுக்கு நான்கு பதில்கள். பெரும்பாலும் கீழே உள்ளது சம்மதம், வலது பக்கம் மறுப்பு, மேலே கேள்வி, இடது பக்கம் நக்கல் அல்லது மழுப்பல். இது தோற்றத்துக்கு ரொம்ப சுத்தமாக இருக்கும். எழுதுகிறவர்களுக்கோ தலைவலி. சில காட்சிகளுக்கு இரண்டு பதிலே போதும். இன்னும் இரண்டை எப்படியாவது நிரப்பியாக வேண்டும். சில காட்சிகளுக்கு ஏழு பதில் தேவைப்படும். மூன்றை வெட்டியாக வேண்டும். ஜோக்கில் வரும் அந்த ‘நாலு சரி’ பிறந்த இடம் இதுவே.

கேம் வெளியான கொஞ்ச நாளிலேயே ரசிகர் ஒருவர், முழு வாக்கியத்தையும் திரையில் காட்டும் மாட் ஒன்றை உருவாக்கினார். அது செம ஹிட். தான் என்ன பேசப்போகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளக்கூட ஒரு மாட் தேவைப்பட்டது என்பதைவிடப் பெரிய விமர்சனம் வேறு இல்லை. டைரக்டர் டாட் ஹோவர்டும் பின்னாளில், அந்த வசன முறை எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

(சுருக்கிச் சொல்வதால் வரும் விபத்துக்கு இன்னொரு பிரபல உதாரணம், 2011-ல் வந்த ‘எல்.ஏ. நுவார்’. ஆர்பிஜி இல்லை, துப்பறியும் கதை. சாட்சி சொல்வதில் லேசான ‘சந்தேகம்’ என்று பட்டனை அழுத்தினால், நம் டிடெக்டிவ் எதிரில் இருப்பவர் மீது பாய்ந்து கத்துவார். 2017-ல் மறுவெளியீடு செய்தபோது பட்டன்களின் பெயர்களையே மாற்றினார்கள்.)

இரண்டால் பெருக்கிப் பாருங்கள்

‘நல்லா எழுதியிருக்கலாமே’ என்று சொல்வது ஈஸி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கதையில் 10 முக்கியமான முடிவுகள். ஒவ்வொன்றிலும் இரண்டே வழிகள். ஒவ்வொரு வழியும் தனிக் கதையாகப் பிரிந்துபோனால் கடைசியில் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். 20 முடிவுகள் என்றால் 10,48,576. இதில் ஒரே ஒரு கதையைத்தான் ஒரு பிளேயர் பார்க்கப்போகிறார். மீதிக்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பது?

அதனால் எல்லா ஸ்டூடியோக்களும் ஒரு தந்திரம் செய்கின்றன. பாதையைப் பிரிப்பார்கள், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சேர்த்துவிடுவார்கள். மதுரைக்கு திருச்சி வழியாகப் போனாலும் சேலம் வழியாகப் போனாலும் இறங்கப்போவது மாட்டுத்தாவணியில்தான் என்பது மாதிரி. தவறில்லை. வழியில் பார்த்தது, பேசியது, சம்பாதித்த பகை ஆகியவற்றை கேம் ஞாபகம் வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

குரல் வந்தபிறகு செலவு இன்னும் எகிறியது. 2002-ல் வந்த ‘மோரோவிண்ட்’ கேமில் பெரும்பாலான உரையாடல் வெறும் எழுத்து. எழுத்தாளர் ஒரு மதியத்தில் ஒரு பக்கத்தை மாற்றிவிடலாம். அதே நிறுவனத்தின் ‘ஆப்லிவியன்’ 2006-ல் வந்தபோது எல்லோரும் வாயைத் திறந்து பேசினார்கள். வரி ஒவ்வொன்றுக்கும் நடிகர், ஸ்டூடியோ, எடிட்டிங். மாற்ற வேண்டும் என்றால் நடிகரைத் திரும்பக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் மாறியது. மோரோவிண்டில் கதைக்கு முக்கியமான ஆளையே நீங்கள் கொன்றுவிடலாம். ‘விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேவுக்குத் திரும்பு, இல்லையென்றால் இந்தக் கெட்டுப்போன உலகத்திலேயே இருந்துகொள்’ என்ற அர்த்தத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும். ஆப்லிவியனில் அப்படிப்பட்டவர்களை அடித்தால் மயங்கி விழுவார்கள், கொஞ்ச நேரத்தில் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பாதுகாப்பானதுதான். ஆனால் உங்கள் வாள் அட்டைக் கத்தி ஆகிவிட்டது.

பதினெட்டு மாதத்தில் செய்த அதிசயம்

இதற்கெல்லாம் பதிலாக ரசிகர்கள் இன்றும் நீட்டுவது ஒரே பெயரைத்தான்: ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’. 2010-ல் வந்தது, உருவாக்கியது அப்சிடியன் நிறுவனம். கிடைத்த நேரம் சுமார் 18 மாதம். ஃபால்அவுட் 3-க்கு பெதஸ்டா பயன்படுத்திய அதே என்ஜின்.

நீங்கள் ஒரு கூரியர். பென்னி என்கிற சூதாட்ட விடுதிக்காரன் உங்களைத் தலையில் சுட்டுப் புதைத்துவிட்டுப் போகிறான். பிழைத்து எழுகிறீர்கள். உங்கள் கடந்த காலம் என்ன, குடும்பம் இருக்கிறதா என்றெல்லாம் கேம் கட்டாயப்படுத்துவதில்லை. இதுவே பெரிய விடுதலை. குழந்தை காணாமல்போன தாயோ தந்தையோ பாதி வழியில் தகர டப்பா பொறுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தால் உறுத்தும். கூரியருக்கு அந்த உறுத்தல் இல்லை.

முதல் ஊர் குட்ஸ்பிரிங்ஸ். அங்கே ஒளிந்திருக்கும் வியாபாரி ஒருவரைத் தேடி ஒரு கும்பல் வருகிறது. ஊர்க்காரர்களை வியாபாரிக்கு ஆதரவாகத் திரட்டலாம். வெடிமருந்து பற்றி உங்களுக்குத் தெரிந்திருந்தால், பதுக்கி வைத்திருக்கும் டைனமைட்டைத் தரச்சொல்லி ஒரு பெரியவரைச் சம்மதிக்கவைக்கலாம். மருத்துவம் தெரிந்தால் டாக்டரிடம் மருந்து வாங்கலாம். பேரம் பேசத் தெரிந்தால் கடைக்காரரை மடக்கலாம். இல்லை, கும்பலோடு சேர்ந்து ஊரையே பிடித்துவிடலாம். ‘பேச்சுத்திறன் 15, தேவை 25’ என்று கேம் நேராகவே காட்டும். தெரிந்தே அந்தப் பதிலைச் சொன்னால் ஹீரோ உளறுவார், எதிரில் இருப்பவர் மதிக்க மாட்டார். தோற்கும் வசனத்தையும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அதைப் படிப்பதற்காகவே தோற்றவர்கள் உண்டு.

பென்னியைத் தேடிப்பிடித்த பிறகு சுடலாம், பேசலாம், தப்பவும் விடலாம். தப்பிய பென்னி வேறொரு படையிடம் மாட்டிக்கொண்டு மறுபடி உங்கள் முன்னால் மண்டியிட்டு நிற்பான். கடைசிச் சண்டையில் வரும் படைத்தலைவன் லனியஸையும் பேச்சுத்திறன் 100 இருந்தால் ஒரு தோட்டா செலவில்லாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

சரி, எல்லோரையும் கொல்ல அனுமதித்தால் கதை அறுந்துபோகாதா? அதற்குத்தான் ‘யெஸ் மேன்’. திரையில் சிரித்த முகத்தோடு இருக்கும் ஒரு ரோபோ. என்சிஆர் ராணுவம், சீசரின் லீஜன், மிஸ்டர் ஹவுஸ் என்று எல்லோரிடமும் பகைத்துக்கொண்டாலும் இவன் உங்களுக்கு உதவுவான். இவனைச் சுட்டால், அதே சிரிப்போடு வேறொரு உடம்பில் திரும்பி வருவான். ஆப்லிவியன் போலவே இங்கேயும் சாகாத கேரக்டர்தான். ஆனால் அதற்கான காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. எதற்கும் ‘சரி’ சொல்வதே அவன் வேலை, பெயரும் அதுவே. ஃபால்அவுட் 4-ல் அந்த வேலையைப் பிளேயர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொன்னால் குறும்பாக இருக்கும், பொய்யாக இருக்காது.

இத்தனைக்கும் விலை இல்லாமல் இல்லை. ரிலீஸ் சமயத்தில் நியூ வேகஸில் பக் தொல்லை தாங்கவில்லை. விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் 85-ஐத் தொட்டால் போனஸ் என்று ஒப்பந்தம், 84-ல் நின்றது.

ஹீரோ யார் என்பது முடிவானால்?

இங்கே ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லியாக வேண்டும். ஹீரோவுக்குக் குரல் கொடுத்ததுதான் ஒரே பிரச்சினை என்றால், ‘தி விட்சர் 3’ தோற்றிருக்க வேண்டும். அதுவும் 2015-தான். போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் உருவாக்கியது. பெரும்பாலும் கெரால்ட் என்கிற வேட்டைக்காரனாகத்தான் விளையாட வேண்டும். அவனுக்கு வயது, குரல், பழைய காதல், வளர்ப்பு மகள் எல்லாம் உண்டு. நீங்கள் யார் என்பதில் சுதந்திரம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஆனாலும் அதன் வசனங்களில் கனம் இருக்கிறது.

ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடவும்.

வளர்ப்பு மகள் சிரி, கடைசியில் உயிரோடு திரும்புவாளா என்பது சில சின்னப் பேச்சுகளைப் பொறுத்தது. சோகத்தில் இருக்கும் அவளுக்கு ‘எல்லாத்துலயும் ஜெயிக்கணும்னு இல்ல’ என்று சொல்லிக் கோப்பையை நீட்டலாம். அல்லது வெளியே கூட்டிப்போய்ப் பனிக்கட்டி எறிந்து விளையாடலாம். சூனியக்காரிகளின் கூட்டத்துக்கு அவளோடு போகலாம். தனியாகப் பேசிவிட்டு வா என்று அனுப்பலாம். கோபத்தில் பொருளை உடைக்கிறாளா, தடுக்கலாம் அல்லது சேர்ந்து உடைக்கலாம். ‘இது முக்கியமான முடிவு’ என்று எந்த அறிவிப்பும் வராது. பல மணி நேரம் கழித்து, அவளை நம்பினீர்களா அல்லது பொத்திப் பொத்தி வளர்த்தீர்களா என்று கேம் கணக்குப் பார்க்கும். பாசத்தில் கூடவே போய் நின்றவர்களுக்குத்தான் அதிர்ச்சி. பழைய சேவுக்குத் திரும்பலாம் என்றால், அது எத்தனையோ மணி நேரத்துக்கு முன்னால் இருக்கும்.

நியூ வேகஸ் ‘நீ யார்’ என்று கேட்கிறது. விட்சர் 3, ‘கெரால்டாக இருந்துகொண்டு என்ன செய்வாய்’ என்று கேட்கிறது. ஃபால்அவுட் 4 இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஹீரோவுக்குக் குடும்பம், குரல், கடந்த காலம் எல்லாம் கொடுத்தார்கள். ஆனால் அதை வைத்து மறுக்கவோ மாறவோ அவ்வளவாக இடம் தரவில்லை.

2023-ல் இரண்டும் மறுபடி மோதின. பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோ ‘பால்டர்ஸ் கேட் 3’-ஐ வெளியிட்டது. முழுமையான ஓப்பன் வேர்ல்டு என்று சொல்ல முடியாது. ஆனால் பேசும்போது இருபது முகப் பகடையை உருட்டவைத்து, விழுந்த எண்ணுக்கேற்ப கதையைத் திருப்பியது. பெதஸ்டாவின் ‘ஸ்டார்ஃபீல்ட்’டில் 2,50,000-க்கும் மேற்பட்ட வரிகள். ஆனால் ஹீரோ மறுபடி ஊமை. பதில்கள் மறுபடி முழு வாக்கியம்.

ஏஐ வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

இப்போது அடுத்த வாக்குறுதி வந்திருக்கிறது. பட்டனே வேண்டாம், மைக்கில் பேசுங்கள், கேம் கேரக்டர் ஏஐ மூலம் பதில் சொல்லும் என்கிறார்கள். என்விடியா 2023-லும் யுபிசாஃப்ட் 2024-லும் டெமோ காட்டின. இதில் முதலில் அடிபடுவது நடிகர்களின் பிழைப்பு. ஏஐ பாதுகாப்பு கேட்டு அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா, 2024 ஜூலையில் வீடியோ கேம் நிறுவனங்களுக்கு எதிராகத் தொடங்கிய வேலைநிறுத்தம் 2025 ஜூன் வரை நீண்டது.

கேம் பக்கம் பார்த்தால், ஏஐ தீர்ப்பது வசனப் பற்றாக்குறையை மட்டும்தான். டைனமைட் வைத்திருக்கும் பெரியவரோடு மூன்று மணி நேரம் பேசலாம், சரி. அவர் மனம் மாறினால் சண்டையில் டைனமைட் வெடிக்க வேண்டும், ஊர் பிழைக்க வேண்டும், அடுத்த முறை போகும்போது அவர் அங்கே நிற்க வேண்டும். அதையெல்லாம் யாராவது வடிவமைத்து, சோதித்து, பக் நீக்கித் தர வேண்டும். அந்தப் பெருக்கல் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

அமேசானின் ‘ஃபால்அவுட்’ சீரிஸைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் புதிதாக வருபவர்கள் நியூ வேகஸில் தொடங்குவது நல்லது. கிராஃபிக்ஸ் பழசு, அடிக்கடி கிராஷ் ஆகும். ரசிகர்களின் பேட்ச்களை முதலிலேயே போட்டுவிட்டால் பாதித் தொல்லை குறையும். நண்பர் யாராவது ‘4-தான் பார்க்க அழகா இருக்கு’ என்று அதை வாங்கித் தந்தால், மறுக்க வேண்டாம். கம்ப்யூட்டரில்தான் விளையாடுகிறீர்கள் என்றால், முழு வசனத்தையும் காட்டும் அந்த மாட்டை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.