ஹைதி: அதிபரோடு அரசும் வீழ்ந்தது எப்படி?

2021 ஜூலை 7, அதிகாலை ஒரு மணி. ஹைதியின் தலைநகர் போர்ட் ஓ பிரின்ஸுக்கு மேலே உள்ள மலைச்சரிவில் அதிபர் ஜொவெனெல் மொய்ஸின் வீடு. வண்டிகளில் வந்திறங்கிய ஆயுதக் குழு ஒன்று, இது அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் நடவடிக்கை என்று ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் அறிவித்தது. அந்த அறிவிப்பு பொய். வந்தவர்களில் பெரும்பாலோர் கொலம்பியாவின் முன்னாள் ராணுவத்தினர். அதிபர் தன் பாதுகாப்பு அதிகாரிகளைத் தொலைபேசியில் அழைத்து உதவி கேட்டார். வருகிறோம் என்றவர்கள் வந்து சேரவில்லை. அவர் உடலில் 12 குண்டுகள் பாய்ந்திருந்தன. மனைவி மார்ட்டீன் குண்டுக் காயங்களோடு பிழைத்தார். மகள் வேறோர் அறையில் ஒளிந்து உயிர் தப்பினார். காவலுக்கு இருந்தவர்களில் ஒருவருக்குக்கூடக் காயமில்லை.

தலைவர் கொல்லப்பட்ட நாடுகள் உலகில் பல உண்டு. பெரும்பாலான நாடுகள் அழுதன, கொதித்தன, பிறகு எழுந்து நடந்தன. ஹைதியால் எழ முடியவில்லை. அந்தக் கொலைக்குப் பிறகு ஒரு தேசியத் தேர்தல்கூட நடக்காமல் ஆண்டுகள் உருண்டன. தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கைக்குப் போனது. ஒரு மனிதரைக் கொன்ற குண்டு ஓர் அரசையே சாய்த்தது எப்படி? இதற்கு விடை, கொலைக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் இருக்கிறது.

அடுத்தவர் யார் என்று சட்டம் சொல்லவில்லையா?

சொன்னது. ஹைதியின் அரசியலமைப்பு 1987இல் இயற்றப்பட்டது. பதவியில் இருக்கும் அதிபர் இறந்தால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தற்காலிகமாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று அதன் 149ஆவது பிரிவு கூறியது. பின்னர் வந்த திருத்தம் இதை மாற்றியது. அதன்படி, பதவிக்காலத்தின் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் இடம் காலியானால், பிரதமர் தலைமையிலான அமைச்சரவை நாட்டை நடத்தித் தேர்தலுக்கு ஏற்பாடு செய்யும். நான்காம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ காலியானால், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 60 நாள்களுக்குள் கூடி, எஞ்சிய காலத்துக்கு ஓர் இடைக்கால அதிபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மொய்ஸ் பதவியேற்றது 2017 பிப்ரவரி 7. ஆகவே அவர் இறந்தபோது நடந்துகொண்டிருந்தது ஐந்தாம் ஆண்டு. திருத்தத்தின்படி முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றம். நாடாளுமன்றமோ இல்லை. பழைய பிரிவின்படி போகலாம் என்றால், தலைமை நீதிபதி ரெனே சில்வெஸ்டர் இரண்டு வாரங்களுக்கு முன்புதான் கொரோனாவுக்குப் பலியாகியிருந்தார். பிரதமரிடம் போகலாம் என்றால், பிரதமர் என்று சொல்லிக்கொள்ள இருவர் இருந்தார்கள். பொறுப்பில் இருந்தவர் கிளாட் ஜோசப். அவருக்குப் பதிலாக ஏரியல் ஹென்றி என்ற நரம்பியல் அறுவை மருத்துவரை, கொலைக்கு இரண்டு நாள் முன்பு மொய்ஸ் நியமித்திருந்தார். ஹென்றி இன்னும் பதவியேற்கவில்லை.

இப்படிப்பட்ட சிக்கலைத் தீர்க்க ஓர் அரசியலமைப்பு மன்றம் வேண்டும் என்று திருத்தம் சொல்லியிருந்தது. அந்த மன்றம் காகிதத்தோடு நின்றுவிட்டது.

நாற்காலிகள் எப்படிக் காலியாயின?

வாழைத் தோட்டத் தொழிலதிபரான மொய்ஸ், முந்தைய தேர்தல் முறைகேட்டுப் புகாரில் ரத்தாகி, 2016 நவம்பரில் மறுபடி நடந்த வாக்கெடுப்பில் வென்றவர். வாக்களித்தவர்கள் மொத்த வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர்தான். தொடக்கத்திலிருந்தே அவரது ஆட்சியின் மக்கள் ஆதரவு மெலிதாகத்தான் இருந்தது.

2019 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய நாடாளுமன்றத் தேர்தல் நடக்கவில்லை. அதிபர் எதிர்க்கட்சிகள்மேல் பழி போட்டார். எதிர்க்கட்சிகள் அதிபர்மேல் பழி போட்டன. 2020 ஜனவரியில் கீழவை முழுவதும் காலாவதியானது. 30 பேர் இருக்க வேண்டிய மேலவையில் 10 பேர் மட்டும் மிஞ்சினார்கள். அதிலிருந்து மொய்ஸ் ஆணைகள் மூலமே ஆண்டார். அதே ஆண்டில் மேயர்களின் பதவிக்காலமும் முடிய, தன் ஆட்களை அங்கே நியமித்தார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவரை ஓய்வு பெற வைத்தார். தன் பதவிக்காலம் 2022 பிப்ரவரி வரை உண்டு என்று அவர் சொல்ல, அது 2021 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது என்று சட்ட அறிஞர்கள் பலர் வாதிட்டார்கள்.

1.1 கோடி மக்கள் வாழும் நாட்டில், தேசிய அளவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் என்று 11 பேர்தான் எஞ்சியிருந்தார்கள்: அதிபரும் பத்து மேலவை உறுப்பினர்களும். கொலையாளிகள் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது நாட்டின் நிலை இதுதான். அதிகாரத்தை ஒரே கையில் குவித்துக்கொண்டால் ஆட்சி வலுப்படும் என்று நம்பும் தலைவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு கை விழுந்த மறுகணம், பிடித்துக்கொள்ள வேறு கை இல்லாமல் போகிறது.

யார் முடிவு செய்தார்கள்?

கொலை நடந்த அன்று காலையே கிளாட் ஜோசப் பொறுப்பைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு, 15 நாள்களுக்கு நெருக்கடி நிலையை அறிவித்தார். சட்டப்படி பிரதமர் தானே என்றார் ஏரியல் ஹென்றி. இரண்டு நாள் கழித்து, எஞ்சியிருந்த பத்து மேலவை உறுப்பினர்களில் எட்டுப் பேர் கூடித் தங்கள் தலைவர் ஜோசப் லாம்பேரை இடைக்கால அதிபர் என்று அறிவித்தார்கள். ஒரே வாரத்தில் மூன்று பேர் உரிமை கோரினார்கள். லாம்பேரின் பதவியேற்பு தள்ளிப்போய், நடக்காமலே கைவிடப்பட்டது.

முடிவு ஜூலை 17 அன்று வந்தது. அமெரிக்கா, பிரான்ஸ், கனடா, பிரேசில், ஜெர்மனி, ஸ்பெயின், ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் தூதர்களும் ஐ.நா., அமெரிக்க நாடுகளின் அமைப்பு ஆகியவற்றின் பிரதிநிதிகளும் சேர்ந்த ஒரு குழு ஹைதியில் உண்டு. அரசு அமைக்கும்படி ஏரியல் ஹென்றியை ஊக்குவித்து அந்தக் குழு அறிக்கை விட்டது. ஜோசப் விலகினார். ஜூலை 20 அன்று ஹென்றி பதவியேற்றார்.

உள்நாட்டில் முடிவெடுக்க யாரும் இல்லாதபோது அந்த முடிவு வெளியே எடுக்கப்படும் என்பதை ஹைதி மக்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். ஹென்றிக்கு வாக்காளர் ஒருவரும் வாக்களிக்கவில்லை. நாடாளுமன்றம் நம்பிக்கை தெரிவிக்கவில்லை. வெளிநாட்டுத் தூதர்களின் ஓர் அறிக்கைதான் அவருக்கு இருந்த பிடிமானம். சாலையில் இறங்கி நிற்கும் அதிகாரம் அத்தகைய அரசுக்கு எங்கிருந்து வரும்?

கும்பல்களின் கை எப்படி ஓங்கியது?

ஆயுதக் கும்பல்கள் புதிதாக முளைத்தவை அல்ல. தேர்தலில் வாக்குகளைத் திரட்டவும் எதிராளியின் ஆட்களை மிரட்டவும் அரசியல்வாதிகளும் செல்வந்தர்களும் பல காலமாக வளர்த்து வந்தவை. மொய்ஸ் இறப்பதற்கு முந்தைய மாதமே தலைநகரைத் தென்பகுதியோடு இணைக்கும் சாலையைக் கும்பல்கள் துண்டித்திருந்தன. கொலைக்குப் பிறகு, தங்களைத் தட்டிக்கேட்க ஆள் இல்லை என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

2021 அக்டோபர் 17 அன்று நடந்ததே சாட்சி. விடுதலை வீரர் ழான் ழாக் தெசலின் கொல்லப்பட்ட நாள் அது. பொன் ரூழ் என்ற இடத்தில் உள்ள அவர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் நாட்டின் தலைவர் மலர்வளையம் வைப்பது மரபு. பிரதமர் ஹென்றியின் வாகனங்கள் அங்கே போனபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர் திரும்பி ஓட வேண்டியதாயிற்று. பிறகு வெள்ளை கோட்டும் சூட்டும் அணிந்த ஒருவர் தன் ஆட்கள் சூழ வந்து அந்த மலர்வளையத்தை வைத்தார். அவர் ஜிம்மி செரிசியே. முன்பு காவல் துறையில் இருந்தவர். பின்பு தலைநகரின் மிக வலிய கும்பல் கூட்டணியின் தலைவர். அரசின் சடங்கைக் கும்பல் தலைவர் நடத்தினார். அந்த நகரில் யார் ஆட்சி என்று மக்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த ஆண்டு அதே கூட்டணி நாட்டின் முக்கிய எரிபொருள் முனையத்தை முடக்கியது. மருத்துவமனைகளின் ஜெனரேட்டர்களுக்கு டீசல் இல்லை. தண்ணீர் லாரிகள் ஓடவில்லை. 2023 ஜனவரியில் எஞ்சியிருந்த பத்து மேலவை உறுப்பினர்களின் காலமும் முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லாத நாடாயிற்று ஹைதி.

2024 பிப்ரவரி இறுதியில், சர்வதேசக் காவல் படைக்கு ஒப்பந்தம் போட ஹென்றி கென்யா போயிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கும்பல்கள் ஒன்றுசேர்ந்து தாக்கின. சிறைகள் உடைக்கப்பட்டு 4,000க்கு மேற்பட்ட கைதிகள் தப்பினார்கள். விமான நிலையம் மூடப்பட்டது. நாடு திரும்ப வழியின்றி போர்ட்டோ ரிக்கோவில் சிக்கிய ஹென்றி, மார்ச் மாதம் பதவி விலகச் சம்மதித்தார். ஒன்பது பேர் கொண்ட இடைக்கால அதிபர் மன்றம் ஏப்ரலில் வந்தது. மன்றம் அமர்த்திய பிரதமரை அதே மன்றம் ஆறு மாதத்துக்குள் நீக்கியது. அந்த ஒரே ஆண்டில் 5,600க்கு மேற்பட்டோர் கும்பல் வன்முறையில் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கிட்டது. வீடிழந்தோர் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாயின. அரசியல் கொலையின் முழுக் கணக்கு இதுதான். அன்று இரவு ஒருவர் இறந்தார். பிறகு ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

கொன்றது யார்?

இதற்கு ஹைதி நீதிமன்றம் இன்னும் இறுதி விடை சொல்லவில்லை. விசாரணை நீதிபதிகள் ஒருவர் மாற்றி ஒருவராக விலகினார்கள் அல்லது மாற்றப்பட்டார்கள். கொலையில் சந்தேகிக்கப்பட்ட ஒருவரோடு பிரதமர் ஹென்றி தொலைபேசியில் பேசியது பற்றி விளக்கம் கேட்ட தலைமை அரசு வழக்கறிஞர், பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கொலையில் தனக்குத் தொடர்பில்லை என்று ஹென்றி மறுத்தார். ஐந்தாவது நீதிபதி 2024இல் சுமார் 50 பேர் மீது குற்றம் சுமத்தினார். அதிபரின் மனைவி, கிளாட் ஜோசப், முன்னாள் காவல் துறைத் தலைவர் ஆகியோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஜோசப்பும் மார்ட்டீனும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். 2025 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது.

சதியின் ஒரு பகுதி புளோரிடாவில் தீட்டப்பட்டதால் அமெரிக்காவும் வழக்குத் தொடுத்தது. மியாமியில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பலர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். சொந்த அதிபரின் கொலைக்கான நீதியைக்கூட அந்நிய மண்ணில் தேட வேண்டிய நிலை ஒரு நாட்டுக்கு வருவது எவ்வளவு பெரிய துயரம்!

வரலாறு சொன்ன எச்சரிக்கை

ஹைதி இதை முன்பே பார்த்திருக்கிறது. 1804இல் அடிமைத்தளையை உடைத்து விடுதலை அறிவித்த தெசலின், 1806இல் சொந்த நாட்டவராலேயே கொல்லப்பட்டார். நாடு வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிளந்தது. மறுபடி ஒன்றுசேர 1820 ஆயிற்று. 1915 ஜூலையில், அரசியல் கைதிகள் 167 பேர் சிறையில் கொல்லப்பட்டதால் கொதித்த கூட்டம், பிரெஞ்சுத் தூதரகத்தில் பதுங்கியிருந்த அதிபர் வில்பிரன் கியோம் சாமை இழுத்து வந்து கொன்றது. அன்றே அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கினார்கள். 1934 வரை 19 ஆண்டுகள் நாடு அவர்கள் பிடியில் இருந்தது.

வேறு நாடுகளின் அனுபவம் வேறு. 1963இல் கென்னடி சுடப்பட்ட சுமார் இரண்டு மணி நேரத்தில் துணை அதிபர் ஜான்சன் விமானத்திலேயே உறுதிமொழி எடுத்தார். அதன் பிறகும், துணை அதிபர் பதவி ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடந்ததைப் பாடமாக எடுத்துக்கொண்டு, 1967இல் அமெரிக்கா தன் அரசியலமைப்பைத் திருத்தியது. 1993 மே தினத்தில் இலங்கை அதிபர் பிரேமதாச கொல்லப்பட்டபோது, ஹைதியின் சட்டம் சொன்ன அதே வழிதான் அங்கும்: எஞ்சிய காலத்துக்கு நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும். நாடாளுமன்றம் இருந்தது, ஒரு வாரத்துக்குள் விஜேதுங்கவைத் தேர்ந்தெடுத்தது. அந்த நாட்டின் போர் அதனால் ஓயவில்லை என்பது வேறு விஷயம்.

பதவி கைமாறுவதால் மட்டும் மக்கள் காக்கப்பட்டுவிடுவதில்லை. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்ட மாலையே ராஜீவ் பதவியேற்றார். அரசு ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆனால் அடுத்த சில நாள்களில் தலைநகர் டெல்லியிலேயே ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களைக் காக்க அந்த அரசு தவறியது. வாரிசு முறை என்பது முதல் படிதான்; பதவியேற்பவர் சட்டத்தின் பக்கம் நிற்பது இரண்டாம் படி.

எது காக்கும்?

தலைவர்களைச் சுற்றிக் காவல் வளையத்தைப் பெருக்குவது மட்டும் போதாது என்பதே ஹைதி தரும் பாடம். உரிய காலத்தில் தேர்தல், காலியிடம் இல்லாத நீதிமன்றம், அரசியல்வாதியின் கூலிப்படையாக மாறாத காவல் துறை ஆகிய மூன்றும் அமைதிக் காலத்தில் அலுப்பூட்டும் நிர்வாக வேலைகளாகத் தோன்றும். தேர்தலை ஓராண்டு தள்ளிப்போட்டால் என்ன, ஒரு நீதிபதி நியமனம் தாமதமானால் என்ன என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். என்ன ஆகும் என்பதை 2021 ஜூலை காட்டிவிட்டது.

எந்த நாட்டுக் குடிமகனும் தன் அரசிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: நாளைக் காலையில் தலைவர் இல்லையென்றால், காவல் துறைக்கு உத்தரவிடப் போவது யார்? ஊழியர்களின் சம்பளத்துக்குக் கையெழுத்திடப் போவது யார்? அவரை நாம் தேர்ந்தெடுத்தோமா? இவற்றுக்குப் பெயர் சொல்லிப் பதில் தர முடிந்த நாடு ஒரு கொலையைத் தாங்கும். பதில் இல்லாத நாடு, தலைவர் உயிரோடு இருக்கும்போதே ஆபத்தில் இருக்கிறது.